நோயுற்ற வளர்ப்பு மீனைப் பேணும் முறை

மாட்டுக்கு வரும் கோமாரியைப் பற்றியும் கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சலைப் பற்றியும் எழுதுவதற்கென்று ஏற்பட்ட பக்கங்களில், கண்ணாடித் தொட்டியில் வளரும் ஒரு சிறு பொன்மீனின் வியாதியைப் பற்றி எழுதுவது தகுமா என்று சில அன்பர்கள் வினவக்கூடும். தகும் என்பதே நமது அபிப்பிராயம். வட சென்னையை அடுத்த கொளத்தூரில் வீட்டுப் புறக்கடைத் தொழிலாகத் தொடங்கிய வண்ணமீன் உற்பத்தி, திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்கள் வரை பரவிவிட்டது. கிணற்றுப் பாசனமுள்ள நிலத்தின் ஒரு மூலையில் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி, நெல்லுக்கும் காய்கறிக்கும் துணையாக இதனை உபதொழிலாக நடத்தும் விவசாயிகள் பலர் உளர். அவர்கள் வளர்த்த மீனே நகரத்து வீடுகளுக்குச் செல்கிறது. நகரத்து வீட்டில் நோயுற்ற மீனோ, பல சமயங்களில், "பாவம், எங்கேயாவது பிழைத்துப் போகட்டும்" என்ற இரக்கத்தினால் கிராமத்துக் கிணற்றுக்கும் கோயில் குளத்துக்கும் திரும்பி வருகிறது. அதனுடன் அதன் வியாதியும் வருகிறது. இவ்விரு வழிகளாலும் இவ்விஷயம் நிலமுடையோருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் உரியதாகின்றது.

புளியந்தோப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் பேசின் பிரிட்ஜ் ரயில் பாதைகள். மற்றொரு பக்கம் ஓட்டேரி நல்லா. அருகில், 1996-ஆம் ஆண்டில் மூடப்பட்ட பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையின் பழைய நிலம். நெருக்கமான தெருக்கள், சிறு வீடுகள். இங்கு ஆடு மாடு வளர்க்க இடமில்லை. நாய் வளர்ப்பதும் எல்லார்க்கும் இயலாது. ஆகவே பீரோவின் மேலோ ஜன்னலோரத்திலோ ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, இரண்டு பொன்மீன்களை வாங்கி விடுவது எளிதான காரியமாயிருக்கிறது. சென்னை மக்களுக்கு மீனைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் ஆசை புதிதன்று. 1909-ஆம் ஆண்டிலேயே கடற்கரையில் ஒரு மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்படும் வரை அது நகரத்தின் பிரதான வேடிக்கைகளில் ஒன்றாயிருந்தது. அங்கே மீனைப் பேண இலாகாவின் சிப்பந்திகள் இருந்தார்கள். வீட்டுத் தொட்டிக்கு அப்படி யாருமில்லை.

அவ்விதமான ஒரு வீட்டில், மூன்றாண்டுகளாக வளர்ந்த பொன்மீன் ஒன்று, ஒருநாள் காலையில் அடியில் சாய்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டிருக்கிறது, செவுள்கள் வேகமாகத் துடிக்கின்றன, ஆகாரத்தை நாடவில்லை. பக்கத்து வீட்டார், "இருபது ரூபாய் மீன்தானே, கீழே கொட்டிவிட்டு வேறு வாங்குங்கள்" என்கிறார்கள். அவ்வாறு சொல்வோருக்கு ஒன்று தெரிவிக்க வேண்டும். பொன்மீன் ஒரு வருஷப் பயிரன்று. நன்றாகப் பேணினால் பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழும்; இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பொன்மீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999-இல் இறந்தது. அதை நாள்தோறும் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு அதன் விலை இருபது ரூபாயாகாது. அன்றியும், காரணம் இன்னதென்று அறியாமல் வேறு மீனை வாங்கி அதே தொட்டியில் விட்டால், அதுவும் அவ்வழியே போகும்.

முதற் சிகிச்சை ஜலத்துக்கே

மீனுக்கு வியாதி என்று கண்டவுடன் கடைக்கு ஓடி நீல மருந்தையோ மஞ்சள் மருந்தையோ வாங்கிவந்து தொட்டியில் ஊற்றுவதே பெரும்பாலோர் செய்வது. இது தலைகீழான முறை. மீன் நோயுற்றதாகத் தோன்றும் சந்தர்ப்பங்களில் மிகப் பல, உண்மையில் ஜலம் கெட்ட சந்தர்ப்பங்களேயாம். நாம் காற்றிலிருந்து மூச்சு வாங்கி வேறிடத்தில் மலஜலம் கழிக்கிறோம். மீனோ, மூச்சு வாங்குவதும் கழிப்பதும் ஒரே ஜலத்தில். அதன் கழிவில் பெரும்பகுதி அம்மோனியாவாகச் செவுள்களின் வழியாக வெளிப்படுகிறது. ஏரியிலும் ஆற்றிலும் அது கலைந்து போகும்; இருபது லிட்டர் தொட்டியில் எங்கே போகும்?

தொட்டியின் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் வாழும் நன்மை செய்யும் நுண்கிருமிகள் இந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நம் வயல்களில் சாணமும் அமோனியம் சல்பேட்டும் மண்ணில் அடையும் மாறுதலும் இதுவே. ஆகையால் விவசாயிகளுக்கு இதை விஸ்தரித்துக் கூற வேண்டியதில்லை. புதிய தொட்டியில் இக்கிருமிகள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதற்குள் தொட்டி நிறைய மீனை விட்டவர்களும், சுத்தம் செய்கிறோம் என்று வடிகட்டியின் பஞ்சைக் குழாய் ஜலத்தில் அலசிப் பிழிந்தவர்களும், இரண்டு மூன்று நாட்களில் மீன் மயங்குவதைக் காண்பார்கள். பஞ்சை அலசத்தான் வேண்டும். ஆனால் தொட்டியிலிருந்து எடுத்த ஜலத்திலேயே அலச வேண்டும்.

குழாய் ஜலத்தில் உள்ள தீங்கு யாதெனில், குளோரின். சென்னையில் வீடுகளுக்கு வரும் குடிநீர், காலரா முதலிய வியாதிகள் பரவாதிருக்கக் குளோரின் கலந்து அனுப்பப்படுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரவிதிப்படி, லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மீதமிருக்க வேண்டும். மனிதனுக்குக் காப்பாகிய இவ்வளவே மீனின் செவுளைப் புண்ணாக்கப் போதுமானது. தெருவில் லாரி வந்தவுடன் குடத்தில் பிடித்து நேரே தொட்டியில் ஊற்றும் பழக்கம் புளியந்தோப்பில் மட்டுமன்று, நகரமெங்கும் உண்டு. அந்த ஜலத்தை வாயகன்ற பாத்திரத்தில் ஓரிரவும் பகலும் திறந்து வைத்தால் சாதாரணக் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். காற்றுக் குமிழி விட்டால் இன்னும் விரைவில் போகும். காத்திருக்க நேரமில்லாதபோது, வண்ணமீன் கடைகளில் விற்கும் சோடியம் தயோசல்பேட் உதவும். ஒரு மில்லிகிராம் குளோரினை முறிக்க அதில் ஏறக்குறைய ஏழு மில்லிகிராம் தேவை. எனவே குளத்தளவு ஜலத்துக்கன்றி, வீட்டுத் தொட்டிக்கு ஒரு சிட்டிகையே அதிகம்.

ஆதலால் சாய்ந்து கிடக்கும் மீனைக் கண்டவுடன் செய்யவேண்டியது: ஆகாரத்தை நிறுத்துக. காற்றுக் குழாயைத் திறந்துவிடுக. குளோரின் நீங்கிய, தொட்டி ஜலத்தின் அதே உஷ்ணமுள்ள ஜலத்தைக் கொண்டு நாலில் ஒரு பங்கை மாற்றுக. மறுநாளும் அவ்வாறே செய்க. முழுவதையும் ஒரே தடவையில் மாற்றுவது கூடாது. இதற்குக் காரணமுண்டு. நெடுநாள் மாற்றாத தொட்டியின் ஜலம் புளித்து அமிலத்தன்மை அடைந்திருக்கும்; அமில ஜலத்தில் அம்மோனியா பெரும்பாலும் தீங்கற்ற உருவில் நிற்கும். அதில் கார ஜலத்தை ஏராளமாகக் கொட்டினால், அங்கிருந்த அம்மோனியா விஷ உருவுக்கு மாறிவிடும். அமில கார அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினாலே விஷப் பகுதி சுமார் பத்து மடங்காகிறது. "நல்ல ஜலம் மாற்றினேன், மாற்றிய அன்றே செத்துவிட்டது" என்று பலர் வருந்துவதன் இரகசியம் இதுவே. ஆகாரமின்றி மீன் என்னாகும் என்று அஞ்சவேண்டாம். வளர்ந்த பொன்மீன் ஒரு வாரம் உண்ணாதிருந்தாலும் கெடுதியில்லை. நோயுற்ற மீனுக்குப் போட்டு, அது தின்னாமல் அழுகும் தீனியே கெடுதி.

அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சொட்டு மருந்தால் நிறம் பார்த்து அறியும் சிறு பெட்டிகள் கொளத்தூர்க் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு புட்டி மருந்து வாங்கும் பணத்தை முதலில் இதற்குச் செலவிடுவது புத்திசாலித்தனம். சிமெண்டுத் தொட்டிகள் வைத்திருக்கும் விவசாயிக்கு இது கலப்பையைப் போன்ற கருவி.

வியாதியின் அடையாளங்கள்

ஜலம் சரியாயிருந்தும், அல்லது சரிசெய்த பின்னும், மீன் தேறவில்லையெனில் அப்போதுதான் வியாதியைத் தேட வேண்டும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது பிராணவாயுக் குறைவின் அடையாளம். எனினும் விராலும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்பென்று கிராமத்தார் அறிவர். கடைகளில் சிறு புட்டிகளில் விற்கும் சண்டை மீனும் அவ்வினத்தின் பழக்கமுடையதே. பொன்மீன் அவ்விதம் செய்தால்தான் கவலை கொள்ளவேண்டும்.

உடலெங்கும் ரவையைத் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றி, மீன் கல்லிலும் மணலிலும் உராய்ந்துகொள்ளுமானால் அது வெண்புள்ளி வியாதி. இதற்குக் காரணமான இக்தியோப்தீரியஸ் என்னும் ஒற்றைச் செல் பிராணி மீனின் தோலுக்கடியில் புகுந்து வளர்கிறது. முதிர்ந்ததும் விழுந்து அடியில் ஒட்டிக்கொண்டு, ஒன்று பல நூறாகப் பெருகி, மறுபடியும் மீனைத் தேடி நீந்துகிறது. தோலுக்குள் இருக்கும்போதும், அடியில் உறைக்குள் இருக்கும்போதும் மருந்து அதைத் தொடாது. நீந்தும் காலமாகிய ஒன்றிரண்டு நாட்களில்தான் கொல்ல இயலும். ஆகையால் ஒரு நாள் மருந்திட்டுப் புள்ளிகள் மறைந்தன என்று நிறுத்திவிடுவது, களையின் தலையை மட்டும் கிள்ளிவிட்டு விதையை விட்டுவைப்பது போலாகும். புள்ளிகள் மறைந்தபின் குறைந்தது ஒரு வாரமாவது சிகிச்சை தொடர வேண்டும். சென்னையில் இவ்வியாதி மார்கழி, தை மாதங்களில் மிகுதியாய்த் தோன்றுவதன் காரணம் குளிர்ச்சியே. ஜலத்தின் உஷ்ணம் 30 டிகிரியை எட்டினால் இப்பிராணி பெருகமாட்டாது. ஆதலால் ஜலத்தைச் சூடாக்கும் மின்கருவியால் சிறிது சிறிதாக அவ்வுஷ்ணத்துக்கு ஏற்றிப் பத்து நாட்கள் வைத்து, கூடவே உப்பும் இடுவது நல்ல சிகிச்சை. சூடேறிய ஜலத்தில் பிராணவாயு குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையக்கூடியது, 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே கரையும். எனவே காற்றுக் குமிழி இடையறாதிருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாயிலும் முதுகிலும் பஞ்சு ஒட்டினாற்போல் வெண்மை படர்ந்து, துடுப்புகள் ஓரத்திலிருந்து கிழிந்து கரைவதுமுண்டு. இதைப் பலர் பூஞ்சணம் என்பர். பெரும்பாலும் அது பூஞ்சணமன்று. ஒருவகை நுண்கிருமியால் வரும் வியாதி. வெண்புள்ளிக்கு மருந்தாகிய உஷ்ணமே இதற்கு உரமாகிறது. சித்திரை, வைகாசியில், தகரம் அல்லது கல்நார்க் கூரையின் கீழுள்ள தொட்டிகளில் இது தோன்றினால் இரண்டு நாட்களில் மீனைக் கொன்றுவிடும். அப்போது தொட்டியைக் குளிர்ந்த மூலைக்கு மாற்றுவதே முதல் வேலை. புள்ளியா, படர்ந்த வெண்மையா என்பதை வெளிச்சத்தில் கண்ணூன்றிப் பார்த்துத் தீர்மானிக்காமல் சூடேற்றுவது ஆபத்து.

வயிறு வீங்கி, செதில்கள் பலாக்காயின் முள்ளைப்போல் நிமிர்ந்து நிற்பது நீர்க்கோவை. இது தனி வியாதியன்று. சிறுநீரகம் செயலிழந்ததன் வெளி அடையாளம். செதில்கள் முற்றிலும் நிமிர்ந்துவிட்டால் மீன் பிழைப்பது அரிது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆரம்பத்தில் கண்டால், தனித் தொட்டியில் சுத்தமான ஜலமும், வீக்கம் வாடுவதற்குப் பேதியுப்பு எனப்படும் மக்னீசியம் சல்பேட்டும் சில சமயம் உதவுகின்றன. இவ்வாறன்றி, மீன் தலைகீழாய் மிதந்தும், செதில் நிமிராமலும், கண் தெளிவாயும் இருந்தால் அஞ்ச வேண்டாம். உருண்டை உடலுள்ள உயர்ஜாதிப் பொன்மீன்களுக்கு மலச்சிக்கலால் இவ்விதம் நேர்வதுண்டு. இரண்டு மூன்று நாள் பட்டினியிட்டு, பின்னர் வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியை நசுக்கிக் கொடுத்தால் பலவும் நிமிர்ந்துவிடுகின்றன.

உப்பும் மற்ற மருந்துகளும்

வீட்டிலுள்ளவற்றில் மீனுக்குச் சிறந்த மருந்து உப்பே. லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை கல்லுப்பைக் கரைத்து இடுவதால் மூன்று நன்மைகள் உண்டு. மீனின் உடல் தன்னுள் புகும் ஜலத்தை வெளியேற்றப் படும் பாடு குறைகிறது. வெண்புள்ளிப் பிராணி முதலியவை நலிகின்றன. நைட்ரைட் செவுளின் வழியே இரத்தத்தில் ஏறுவதை உப்பிலுள்ள குளோரைடு தடுக்கிறது. இருபது லிட்டர் பக்கெட்டுக்கு லிட்டருக்கு 3 கிராம் வீதம் 60 கிராம் வேண்டும். அதனை மூன்று பங்காக்கி, தனியே கரைத்து, ஒரு நாளில் மூன்று தடவையாகச் சேர்க்க வேண்டும். உப்புக் கற்களை மீனின் மேல் தூவலாகாது. கெளுத்தி இனங்களும் நீர்ச் செடிகளும் உப்பைத் தாங்கமாட்டா; ஆகையால் நோயுற்ற மீனைத் தனிப் பாத்திரத்தில் வைத்துச் செய்வதே உத்தமம். ஜலம் மாற்றும்போது, மாற்றிய ஜலத்தின் அளவுக்கு மட்டுமே புதிதாக உப்பிடவேண்டும். ஆவியாய்ப் போன ஜலத்தை நிரப்பும்போது உப்பு வேண்டியதில்லை, ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை.

இரண்டாவது, கிணற்றுக்கிடும் பொட்டாசியம் பெர்மாங்கனேட். புறப் புண்ணுக்கும் தோல் மேலுள்ள கிருமிக்கும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவே போதும். அவ்வளவு சிறிய எடையை வீட்டில் நிறுக்க முடியாது. ஒரு கிராமை ஒரு லிட்டர் ஜலத்தில் கரைத்து வைத்துக்கொண்டு, அந்தக் கரைசலில் லிட்டருக்கு 2 மில்லிலிட்டர் வீதம் அளந்தால் கணக்குச் சரியாகும்; இருபது லிட்டர் பக்கெட்டுக்கு 40 மில்லிலிட்டர். இளஞ்சிவப்பு நிறம் பழுப்பாக மாறியதும் அதன் வேலை முடிந்தது. கைக்கு வந்த அளவில் இட்டுக் கருஞ்சிவப்பாக்கினால் செவுள் வெந்து மீன் இறக்கும்.

மெதிலீன் நீலம் முட்டைகளையும் புண்களையும் பூஞ்சணத்திலிருந்து காக்கும். ஆனால் வடிகட்டியிலுள்ள நன்மை செய்யும் கிருமிகளையும் கெடுக்கும். எனவே அதையும் தனிப் பாத்திரத்திலேயே உபயோகிக்க. மாலகைட் பச்சை கலந்த மருந்துகளை, மனிதர் உண்ணும் கெண்டை, கட்லா, ரோகு ஆகியன உள்ள குளத்தில் எவ்வகையிலும் இடக்கூடாது. அது மீனின் சதையில் நெடுநாள் தங்கும் விஷம். எந்த மருந்து இடும்போதும் வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும். இல்லாவிடில் மருந்தைக் கரி உறிஞ்சிக்கொள்ளும். மீனுக்கு ஒன்றும் கிடைக்காது.

மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கும் டெட்ராசைக்ளின் மாத்திரைக் குப்பியை உடைத்துத் தொட்டியில் கொட்டும் வழக்கத்தை நாம் கண்டிக்கிறோம். சுண்ணாம்புச் சத்து மிகுந்த சென்னைக் கடின ஜலத்தில் அம்மருந்து சுண்ணாம்புடன் கட்டுண்டு பெரிதும் வீணாகும். மீதியுள்ளதோ கிருமிகளைக் கொல்லாமல், மருந்துக்கு அஞ்சாதவையாகப் பழக்கிவிடும். அந்த ஜலம் சாக்கடைக்குச் செல்கிறது. சாக்கடை நல்லாவுக்கும் கால்வாய்க்கும் செல்கிறது.

வைத்தியர் வேண்டுமாயின் தூரம் போக வேண்டியதில்லை. புளியந்தோப்பிலிருந்து சில மைல் தூரத்தில் மாதவரத்தில், தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீர்வாழ் உயிரின நோய் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஒரு மீனுக்காகப் போகக் கூச்சமுள்ளவர் இருப்பர். ஆனால் பத்துத் தொட்டி மீன் இறந்துகொண்டிருக்கும் விவசாயி கூச்சப்படலாகாது. கொண்டுபோகும் முறையிலும் கவனம் தேவை. செத்து இரண்டு மணியான மீனில் எல்லாக் கிருமியும் ஏறிவிடும். அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல இயலாது. நோயுற்ற, உயிருள்ள மீனையே மூன்றிலொரு பங்கு ஜலமும் மீதி காற்றும் நிரப்பிய பையில் எடுத்துச் செல்ல வேண்டும். தொட்டி ஜலத்தில் ஒரு புட்டி தனியே வேண்டும். கடைசி ஒரு மாதத்தில் என்ன தீனி, எப்போது ஜலம் மாற்றியது, புதிய மீன் எப்போது விட்டது என்பவற்றைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போவது, மீனைக் கொண்டுபோவதில் பாதி.

மின்சாரம் நின்றுவிட்டால்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது புளியந்தோப்பு, பட்டாளம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது; மின்சாரமும் நின்றது. மனிதருக்கே பாலும் குடிநீரும் கிடைக்காத நாட்களில் மீனை நினைக்க ஒருவருக்கும் பொழுதிராது, அது நியாயமே. ஆயினும் மாதந்தோறும் வரும் சில மணி நேர மின்தடைக்கும் உதவுமாகையால் இதைச் சொல்கிறோம். காற்றுக் கருவி நின்றவுடன் தீனியை நிறுத்த வேண்டும். தொட்டியில் ஜலத்தைச் சிறிது குறைத்து, ஒரு சொம்பால் மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால், மணிக்குச் சில நிமிஷங்களே செய்தாலும் மீன் தாங்கும். பாட்டரியால் ஓடும் சிறு காற்றுக் கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றன. மின்சாரம் வெகுநேரம் நின்று திரும்பி வந்ததும், மூடிய வடிகட்டிப் பெட்டியைக் கழுவாமல் ஓட்டக்கூடாது. காற்றின்றி உள்ளே செத்தழுகிய கிருமிகளின் விஷம் முழுவதும் தொட்டியில் பாயும். வெள்ள ஜலம் தொட்டிக்குள் புகுந்திருந்தால் அத்தொட்டியை நம்பலாகாது. மீனை உடனே சுத்தமான பக்கெட்டுக்கு மாற்றுக.

கிணற்றிலும் குளத்திலும் விடலாகாது

கிராம அதிகாரிகள் விசேஷமாகக் கவனிக்கவேண்டிய பகுதி இது. நகரத்திலிருந்து உறவினர் கொண்டுவரும் வண்ணமீனோடு, செதிலுக்கடியில் நங்கூரம்போல் பதியும் நங்கூரப் புழுவும், தட்டையான மீன் பேனும் வருவதுண்டு. இவை பொன்மீனின் உறவினராகிய கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய நம் குளத்து மீன்களைத் தயக்கமின்றிப் பற்றிக்கொள்ளும். வீட்டுத் தொட்டியில் ஒரு மீனைப் பிடித்துச் சிகிச்சை செய்யலாம். இரண்டு ஏக்கர் குளத்தில் அது எளிதன்று. குத்தகைக்கு எடுத்தவர் குஞ்சு விட்ட செலவையே இழப்பார்.

பெருவியாதி நாடெங்கும் பரவுவது எவ்வளவு விரைவு என்பதற்கு மீன் புண் நோய் ஒன்றே சான்று. கிழக்கு நாடுகளிலிருந்து வந்த இந்நோய் 1988-இல் வடகிழக்கு இந்தியாவில் தோன்றி, சில ஆண்டுகளுக்குள் தெற்கே பரவியது. விரால், கெளுத்தி முதலியவற்றின் உடலில் சிவந்த ஆழ்ந்த புண்கள் உண்டாயின. மீன் உண்பவர்களும் அஞ்சி விலகியதால், நோயில்லாத மீனுக்கும் விலையில்லாமற் போயிற்று. மழைக்காலம் முடிந்து ஜலம் குளிரும் மாதங்களில் இன்றும் இது அவ்வப்போது தலைகாட்டுகிறது. அப்போது குளத்திற்கு எவ்வளவு சுண்ணாம்பு இடுவதென்பதை ஜலத்தின் அளவையும் தன்மையையும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டுமாகையால், அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தைக் கேட்டே செய்க. மீன் திரளாகச் சாகும் செய்தியைத் தெரிவிக்க மத்திய அரசு 2023-இல் கைபேசிச் செயலி ஒன்றையும் வெளியிட்டிருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் அதனைத் தம் கைபேசியில் வைத்திருப்பது நலம்.

அன்றியும் வியாதியில்லாத அந்நிய மீனும் தீங்கு செய்யும். தொட்டிக் கண்ணாடியின் பாசியைத் தின்னும் என்று வாங்கும் தேளி போன்ற உறிஞ்சு மீன் ஒரு முழம் வளர்ந்ததும், தொட்டி கொள்ளாமல் ஏரியில் கொண்டுவிடுகிறார்கள். அது கரையைத் துளைத்து முட்டையிடும், வலையைக் கிழிக்கும், விலைபோகாது. ஏரிக்கரையின் உறுதியே தம் நன்செயின் உறுதியென்று அறிந்த ஆயக்கட்டுதாரர்கள் இதை அசட்டை செய்யமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

பிழையாதென்று தெரிந்தபின்

எல்லாம் செய்தும் மீன் தேறாமல், பக்கவாட்டில் கிடந்து, தொட்டாலும் நகராமல், செதில்கள் நிமிர்ந்து நாள்கணக்கில் வருந்துமாயின், அதன் துன்பத்தை முடிப்பதே கருணை. உயிருடன் சாக்கடையில் விடுவதும், பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து மெல்ல உறையவிடுவதும் கொடுமை. நாட்டு மருந்துக்கடையில் பல்வலிக்கு விற்கும் கிராம்புத் தைலத்தால் இதை நோவின்றிச் செய்யலாம். ஒரு லிட்டர் தொட்டி ஜலத்துக்கு 0.4 மில்லிலிட்டர், அதாவது சுமார் எட்டுச் சொட்டு என்ற கணக்கில் எடுத்து, முதலில் ஒரு சிறு புட்டியில் வெதுவெதுப்பான ஜலத்துடன் சேர்த்துப் பால்போல் வெளுக்கும்வரை குலுக்க வேண்டும். மீனிருக்கும் பாத்திரத்தில் அதைச் சிறிது சிறிதாகக் கலந்தால் மீன் மயங்கும். பிறகு செவுள் அசைவு நிற்கும். நின்றபின்னும் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் அப்படியே விட்டுவைக்க. குழந்தைகளிடம் மீன் ஓடிப்போய்விட்டது என்று கதை கட்டுவதைவிட, நோய் தீராமல் இறந்தது என்று சொல்லிவிடுவதே நல்லது; கதையை நம்பிய குழந்தை சாக்கடை ஓரத்தில் நின்று தேடும்.

வியாபாரத்துக்கு வளர்ப்பவர் நிலை வேறு. இருபது தொட்டிகளில் ஒன்றில் வியாதி கண்டால், அங்குள்ள மீனுக்குச் சிகிச்சை செய்வதற்கு முன் மற்றப் பத்தொன்பதையும் காப்பாற்ற வேண்டும். வலையும் பக்கெட்டும் அத்தொட்டிக்கென்று தனியே ஒதுக்குக. அதன் வேலையை நாளின் கடைசியில் வைத்துக்கொள்க. பல சமயம் அத்தொட்டி மீனை மேற்சொன்னவாறு முடித்துவிடுவதே லாபம். இது மனத்துக்குக் கஷ்டமாயினும், நோயுள்ள மீனைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டு அடுத்தவர் தொட்டியைக் கெடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

இறந்த மீனை ஒரு முழ ஆழத்தில் மண்ணில் புதைக்கலாம். நகரத்தில் பூந்தொட்டி மண்ணும் போதும். பூனைக்குப் போடுவதும் நல்லாவில் எறிவதும் வேண்டாம். கையில் காயமுள்ளவர் நோயுள்ள தொட்டியில் கை விடலாகாது. மீனிலிருந்து மனிதர் தோலுக்குப் பரவி, மாதக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும் காசநோய் இனக் கிருமியொன்று உண்டு. ரப்பர் உறை அணிந்துகொண்டு, தொட்டியையும் கற்களையும் சலவைத்தூள் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, நல்ல வெயிலில் மூன்று நான்கு நாட்கள் காயவிட வேண்டும். வடிகட்டிப் பஞ்சை எறிந்துவிட்டுப் புதியது போடுக. பின்னர் வாங்கும் மீனை நேரே பெரிய தொட்டியில் விடாமல், மூன்று நான்கு வாரங்கள் தனிப் பக்கெட்டில் வைத்துப் பார்த்தபின் சேர்க்க. அந்தப் பக்கெட்டுக்கென்று வாங்கிய வலையை வேறெதற்கும் எடுக்காமலிருக்க, அதன் பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைப்பது வசதி.